சுரேஷ் ராமலிங்கம்

சுரேஷ் எஸ். ராமலிங்கம் அமெரிக்காவில் பணியாற்றும், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒரு புற்றுநோயியல் மருத்துவரும் ஆய்வாளரும் ஆவார். நுரையீரல் புற்றுநோய்க்கான புதிய மருந்துகளை மனிதரிடத்தில் சோதித்தறியும் மருத்துவச் சோதனைகளை (மருந்தாய்வுகளை) முன்னின்று நடத்தியமைக்காக அறியப்படுபவர். ஒசிமெர்ட்டினிப் என்னும் மருந்தை ஆராய்ந்த ஃபிளோரா, லாரா ஆகிய இரு பன்னாட்டுச் சோதனைகள் இவருடைய பணிகளுள் முதன்மையானவை. 2021ஆம் ஆண்டில் அட்லாண்டா நகரின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்ஷிப் புற்றுநோய் நிறுவனத்தின் செயல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

கல்வியும் பயிற்சியும்

சுரேஷ் ராமலிங்கம் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1960இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரி, தமிழ்நாடு அரசு நடத்தும் மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. பின்னர் அமெரிக்கா சென்று டெட்ராய்ட் நகரின் வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொது மருத்துவப் பயிற்சியும், பிட்சுபர்க் பல்கலைக்கழகத்தில் குருதியியல், புற்றுநோயியல் சிறப்புப் பயிற்சியும் பெற்றார். பிட்சுபர்க்கிலேயே ஆசிரியப் பணியைத் தொடங்கிய இவர், 2007ஆம் ஆண்டு எமரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

பின்னணி

உலக அளவில் புற்றுநோய் இறப்புகளுக்கு முதற்காரணமாக இருப்பது நுரையீரல் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 24.8 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இறந்தனர். நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு வருவது 'சிறு உயிரணு அல்லாத' வகை ஆகும். 2000ஆவது ஆண்டுகளின் தொடக்கம் வரை, முற்றிய நிலையில் இவர்கள் அனைவருக்கும் பெரும்பாலும் ஒரே விதமான வேதிச்சிகிச்சையே (கீமோதெரப்பி) அளிக்கப்பட்டது. அதனைப் பெற்றவர்களுள் பாதிப் பேர் ஓராண்டுக்கு மேல் வாழவில்லை.

2004ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. சில நோயாளிகளின் புற்றுத் திசுவில் 'மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி' (சுருக்கமாக ஈஜிஎஃப்ஆர்) என்னும் புரதத்திற்குரிய மரபணு பிறழ்ந்திருப்பதும், அத்தகையோருக்கு ஜெஃபிட்டினிப் போன்ற மாத்திரைகள் நன்கு பயனளிப்பதும் கண்டறியப்பட்டன. புகைப்பழக்கம் இல்லாதவர்கள், பெண்கள், ஆசியர் ஆகியோரிடம் இப்பிறழ்வு கூடுதலாகக் காணப்படுகிறது. எனவே ஒரு மருந்து பயன் தருமா என்னும் வினா, எந்த நோயாளிக்குப் பயன் தரும் என்னும் வினாவாக மாறியது. சுரேஷ் ராமலிங்கத்தின் ஆய்வுப் பணி இம்மாற்றம் நிகழ்ந்த காலத்திலேயே அமைந்தது.

மருத்துவச் சோதனையின் படிநிலைகள்

ஒரு புதிய மருந்து பொதுவாக மூன்று படிநிலைகளில் மனிதரிடத்தில் சோதிக்கப்படுகிறது.

* முதற்கட்டம்: சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் பாதுகாப்பான மருந்தளவு கண்டறியப்படும்.
* இரண்டாம் கட்டம்: பல பத்து முதல் சில நூறு நோயாளிகளிடம் மருந்து செயல்படுவதற்கான அறிகுறி உண்டா எனப் பார்க்கப்படும்.
* மூன்றாம் கட்டம்: பல நூறு நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒரு குழுவிற்குப் புதிய மருந்தும், மறு குழுவிற்கு வழக்கிலுள்ள சிகிச்சை அல்லது போலி மருந்தும் அளிக்கப்படும்.

இச்சோதனைகளில் இரு அளவீடுகள் முதன்மையானவை. நோய் மேலும் வளராமல் கட்டுக்குள் இருக்கும் காலம் 'நோய் முன்னேறாக் காலம்' எனவும், சிகிச்சைக்குப் பின் நோயாளி உயிருடன் இருக்கும் காலம் 'மொத்த உயிர்வாழ் காலம்' எனவும் வழங்கப்படும். இவை பெரும்பாலும் இடைநிலை அளவாகவே குறிக்கப்படுகின்றன. இடைநிலை உயிர்வாழ் காலம் 20 மாதங்கள் என்றால், குழுவில் பாதிப் பேர் 20 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர் என்பது பொருள்.

தொடக்க கால ஆய்வுகள்

முதியோருக்கான சிகிச்சை பற்றிய ஆய்வு இவரது தொடக்க காலப் பணிகளுள் குறிப்பிடத்தக்கது. வேதிச்சிகிச்சையுடன் பெவாசிசுமாப் மருந்தைச் சேர்த்தால் வாழ்நாள் கூடும் என்பதை 878 நோயாளிகள் பங்கேற்ற 'ஈகாக் 4599' சோதனை 2006இல் நிறுவியிருந்தது. அச்சோதனையில் இடம்பெற்ற 70 வயதும் அதற்கு மேலும் ஆன 224 பேரின் தரவுகளைச் சுரேஷ் ராமலிங்கமும் பிறரும் தனியே ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். இம்முதியோரிடம் கூடுதல் மருந்தால் உயிர்வாழ் காலம் நீளவில்லை. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் 61 விழுக்காட்டிலிருந்து 87 விழுக்காடாக உயர்ந்திருந்தன. அனைவருக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்ட நன்மை ஒவ்வொரு பிரிவினருக்கும் பொருந்தும் எனக் கொள்ள இயலாது என்பதற்கு இவ்வாய்வு எடுத்துக்காட்டாகும்.

எதிர்பார்த்த பயன் தராத சோதனைகள்

2008க்கும் 2021க்கும் இடைப்பட்ட காலத்தில் இவர் முன்னின்று நடத்திய பல சோதனைகள் எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. அவற்றுள் சில வருமாறு:

* வோரினோஸ்டாட்: 94 நோயாளிகள் பங்கேற்ற இரண்டாம் கட்டச் சோதனையில், வேதிச்சிகிச்சையுடன் இம்மருந்தைச் சேர்த்தபோது கட்டி சுருங்கியோர் விகிதம் 12.5இலிருந்து 34 விழுக்காடாக உயர்ந்தது (2010). ஆயினும் இதே கூட்டினை ஆராய்ந்த வேறொரு பெரிய சோதனை பயன் தென்படாமல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.
* டாக்கோமிட்டினிப்: 188 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் எர்லோட்டினிப்பை விடச் சிறந்ததாகத் தோன்றியது (2012). 878 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் இரு குழுக்களிலும் நோய் முன்னேறாக் காலம் 2.6 மாதங்களாகவே இருந்தது (2014).
* கானெட்டெஸ்பிப்: 677 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனை 2015இல் நிறுத்தப்பட்டது. இரு குழுக்களிடையே உயிர்வாழ் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.
* வெலிபாரிப்: செதிள் உயிரணு வகை நுரையீரல் புற்றுநோய் கொண்ட 970 பேரிடம் சோதிக்கப்பட்டது. முதன்மை இலக்கு எட்டப்படவில்லை (2021).
* 'ஈகாக்-ஆக்ரின் 5508': 1,516 பேர் சேர்க்கப்பட்ட இச்சோதனையில், தொடக்க சிகிச்சைக்குப் பின் 874 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். தொடர் சிகிச்சையாகப் பெவாசிசுமாப், பெமெட்ரெக்செட், இரண்டும் சேர்ந்த கூட்டு ஆகியவை ஒப்பிடப்பட்டன. இரண்டையும் சேர்த்து அளிப்பதால் உயிர்வாழ் காலம் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை (2019).

இத்தகைய முடிவுகள் ஒரு சிகிச்சை தேவையற்றது என்பதை உறுதி செய்வதால், பின்வரும் நோயாளிகள் வீண் செலவிலிருந்தும் பக்கவிளைவுகளிலிருந்தும் காக்கப்படுகின்றனர். சிறு சோதனைகளில் தெரியும் நம்பிக்கையைப் பெரிய சோதனை வழியே சரிபார்க்காமல் ஏற்கக்கூடாது என்பதனையும் இவை உணர்த்துகின்றன.

டாக்கோமிட்டினிப்பின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. மரபணுப் பிறழ்வைக் கருதாமல் அளிக்கப்பட்டபோது சிறப்பான பயன் தராத இம்மருந்து, ஈஜிஎஃப்ஆர் பிறழ்வு உடையவர்களை மட்டும் சேர்த்து வேறு ஆய்வாளர்கள் நடத்திய மற்றொரு சோதனையில் ஜெஃபிட்டினிப்பை விடச் சிறந்த பயனைத் தந்தது (2017). மருந்து ஒன்றே, நோயாளிகளைத் தெரிவு செய்த முறையே வேறுபட்டது.

ஃபிளோரா சோதனை

ஈஜிஎஃப்ஆர் பிறழ்வுள்ள நோயாளிகளுக்கு ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் ஆகிய முதல் தலைமுறை மாத்திரைகள் ஏறத்தாழ பத்து மாதங்கள் வரையே நோயைக் கட்டுப்படுத்தின. அதன் பின் பாதிக்கும் மேற்பட்டோரிடம் 'டி790எம்' என்னும் இரண்டாவது பிறழ்வு தோன்றி மருந்தைச் செயலிழக்கச் செய்தது. இதனை எதிர்க்கவென உருவாக்கப்பட்டதே ஒசிமெர்ட்டினிப். மூளைக்குள்ளும் ஊடுருவிச் செயல்படுவது இம்மருந்தின் மற்றொரு சிறப்பாகும். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது மிகுதி.

முதல் மருந்து தோற்ற பிறகு கொடுக்கப்பட்டுவந்த ஒசிமெர்ட்டினிப்பைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் என்ன ஆகும் என்பதே ஃபிளோரா சோதனையின் வினா ஆகும். இதற்கு முன்னோடியாக 60 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவுகளைச் சுரேஷ் ராமலிங்கமும் குழுவினரும் வெளியிட்டனர். 2014 திசம்பர் முதல் 2016 மார்ச் வரை 556 நோயாளிகள் ஃபிளோராவில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 279 பேர் ஒசிமெர்ட்டினிப்பும், 277 பேர் ஜெஃபிட்டினிப் அல்லது எர்லோட்டினிப்பும் பெற்றனர்.

முதல் முடிவுகளை 2017 செப்டம்பரில் மத்ரித் நகரில் நடந்த ஐரோப்பிய மருத்துவப் புற்றுநோயியல் கழக மாநாட்டில் சுரேஷ் ராமலிங்கம் அறிவித்தார். நோய் முன்னேறாக் காலம் புதிய மருந்துக் குழுவில் 18.9 மாதங்கள், பழைய மருந்துக் குழுவில் 10.2 மாதங்கள். கடுமையான பக்கவிளைவுகளும் புதிய மருந்தில் குறைவாகவே இருந்தன (34 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 45 விழுக்காடு). இதன் அடிப்படையில் 2018 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் இம்மருந்தை முதல்நிலை சிகிச்சைக்கு ஏற்றது.

உயிர்வாழ் காலம் பற்றிய முடிவுகள் 2019 செப்டம்பரில் பார்சிலோனா மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அச்சாயின. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சுரேஷ் ராமலிங்கம் ஆவார். இடைநிலை உயிர்வாழ் காலம் 38.6 மாதங்களாக இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 31.8 மாதங்கள். மூன்றாண்டுகளின் முடிவில் உயிருடன் இருந்தோர் முறையே 54, 44 விழுக்காடு ஆவர்.

ஃபிளோரா பற்றிய விவாதங்கள்

ஃபிளோரா முடிவுகள் சிகிச்சை முறையை மாற்றினவெனினும், அவை குறித்து மருத்துவ உலகில் இரு வினாக்கள் எழுந்தன.

முதலாவது, மருந்து மாறுதல் பற்றியது. ஒப்பீட்டுக் குழுவினருள் நோய் முன்னேறிய பின்னர் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரே ஒசிமெர்ட்டினிப் பெற்றனர். தகுதியுடைய அனைவரும் இரண்டாவது மருந்தாக அதனைப் பெற்றிருந்தால் வேறுபாடு குறைந்திருக்குமா என்று சிலர் வினவினர். நோயாளிகளுள் பலர் இரண்டாம் சிகிச்சையைப் பெறும் நிலையையே அடைவதில்லை. எனவே சிறந்த மருந்தை முதலிலேயே தர வேண்டும் என்பது மறுதரப்பின் விடை.

இரண்டாவது, ஆசிய நோயாளிகள் பற்றியது. சோதனையில் பெரும்பான்மையினராக இருந்த ஆசியர்களிடம், உயிர்வாழ் காலத்தில் இரு குழுக்களிடையே வேறுபாடு காணப்படவில்லை (இறப்பு அபாய விகிதம் 1.00). ஆசியர் அல்லாதாரிடம் வேறுபாடு மிகுதியாக இருந்தது (0.54). உட்பிரிவுக் கணக்குகள் தற்செயலான ஏற்ற இறக்கங்களுக்கு உட்பட்டவை என்பதால் அவற்றைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் முறையன்று. ஆசியர்களிடமும் நோய் முன்னேறாக் காலம் தெளிவாக நீண்டிருந்தது. இருப்பினும், விலை மிகுந்த மருந்தை வாங்க வேண்டிய ஆசிய நாடுகளில் இவ்வினா முதன்மை பெற்றது.

நோயெதிர்ப்பு சிகிச்சை

புற்றுநோயை எதிர்க்க உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் மருந்துகளின் ஆய்விலும் இவர் பங்கேற்றார். நிவோலுமாப், இப்பிலிமுமாப் ஆகிய இரு மருந்துகளின் கூட்டினை வேதிச்சிகிச்சையுடன் ஒப்பிட்ட 'செக்மேட் 227' சோதனையின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இவர் மூத்த ஆசிரியர் ஆவார். 'பிடி-எல்1' புரதம் 1 விழுக்காடோ அதற்கு மேலோ காணப்பட்ட நோயாளிகளிடம் உயிர்வாழ் காலம் 14.9 மாதங்களிலிருந்து 17.1 மாதங்களாக உயர்ந்தது. இரண்டாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 40 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் ஏறத்தாழ 33 விழுக்காடு.

லாரா சோதனை

நுரையீரல் புற்றுநோயின் மூன்றாம் நிலையில், அறுவைக்கு உட்படுத்த முடியாத நோயாளிகளுக்கு வேதிச்சிகிச்சையும் கதிரியக்கச் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்படும். அதன் பின் துர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுப்பது 2017க்குப் பின் வழக்கமாயிற்று. ஆனால் ஈஜிஎஃப்ஆர் பிறழ்வு உடையவர்களுக்கு அதனால் பெரும் பயன் விளைவதாகத் தெரியவில்லை. இவர்களுக்கு ஒசிமெர்ட்டினிப் உதவுமா என்று அறிய லாரா நடத்தப்பட்டது.

இதில் 216 பேர் பங்கேற்றனர். 143 பேருக்கு ஒசிமெர்ட்டினிப்பும் 73 பேருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. முடிவுகளை 2024 சூன் மாதம் சிக்காகோவில் நடந்த அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் கழக மாநாட்டின் பொது அமர்வில் சுரேஷ் ராமலிங்கம் அறிவித்தார். நோய் முன்னேறாக் காலம் போலி மருந்துக் குழுவில் 5.6 மாதங்கள், ஒசிமெர்ட்டினிப் குழுவில் 39.1 மாதங்கள். இரண்டாண்டுகளின் முடிவில் நோய் முன்னேறாது இருந்தோர் முறையே 13, 65 விழுக்காடு. 2024 செப்டம்பரில் இப்பயன்பாட்டிற்கு அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

போலி மருந்து பெற்றவர்களுள் நோய் முன்னேறியோருக்குப் பின்னர் ஒசிமெர்ட்டினிப் வழங்க இச்சோதனை இடமளித்தது. அவர்களுள் ஏறத்தாழ 81 விழுக்காட்டினர் அதனைப் பெற்றனர். கடுமையான பக்கவிளைவுகள் மருந்துக் குழுவில் 35 விழுக்காடும் போலி மருந்துக் குழுவில் 12 விழுக்காடும் ஆகும். நோய் முன்னேறும் வரை மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியிருப்பதால், பல ஆண்டுச் செலவும் பக்கவிளைவுகளும் கருத்தில் கொள்ள வேண்டியனவாகும்.

வகித்த பொறுப்புகள்

அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒன்றிணைந்து சோதனைகளை நடத்தும் 'ஈகாக்-ஆக்ரின்' கூட்டமைப்பின் மார்புப் புற்றுநோய்க் குழுவிற்குச் சுரேஷ் ராமலிங்கம் தலைமை வகித்தார். அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் 'கேன்சர்' என்னும் ஆய்விதழின் முதன்மை ஆசிரியராகவும் பொறுப்பேற்றார். இவர் இயக்குநராகப் பொறுப்பேற்ற வின்ஷிப் நிறுவனம் 1937இல் தொடங்கப்பட்டது. 2017இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 'முழுமையான புற்றுநோய் மையம்' என்னும் தகுதியைப் பெற்றது.

இந்திய, தமிழகச் சூழல்

இந்தியாவில் ஆண்டுதோறும் 80,000க்கும் மேற்பட்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அடினோகார்சினோமா வகை நோய் கொண்ட இந்தியர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் பிறழ்வு உள்ளது. இது மேலை நாடுகளைவிடக் கூடுதல், கிழக்காசியாவைவிடக் குறைவு. ஆகவே மேற்கண்ட சோதனைகளின் முடிவுகள் இந்திய நோயாளிகளுக்கு நேரடித் தொடர்புடையவை.

புகைப்பழக்கமே இந்நோயின் முதன்மைக் காரணம். வெளிக்காற்று மாசு, டீசல் புகை, பற்றவைப்புப் புகை, இரும்பு வார்ப்படத் தொழில் ஆகியவற்றையும் புற்றுநோய்க் காரணிகளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. எனவே காக்களூர், கும்மிடிப்பூண்டி முதலிய தொழிற்பேட்டைகள் அமைந்த திருவள்ளூர் மாவட்டம் போன்ற இடங்களில் தொழிலாளர் பாதுகாப்பும் நோயை முன்னரே கண்டறிதலும் கவனத்திற்குரியவை. தொடர் இருமல், சளியில் இரத்தம், எடை குறைதல் ஆகிய அறிகுறிகள் காசநோய்க்கும் பொதுவானவை. இதனால் இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் பலர் முதலில் காசநோய் மருந்து உட்கொண்டு காலம் இழக்க நேரிடுகிறது.

மருந்தின் விலை மற்றொரு தடையாகும். 2024 சூலையில் இந்திய நடுவண் அரசு ஒசிமெர்ட்டினிப், துர்வாலுமாப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவற்றின் மீதான சரக்கு, சேவை வரியை 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கச் சரக்கு, சேவை வரி மன்றம் முடிவு செய்தது.

விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே பயனைக் கூட்டும் முயற்சிகளும் நடந்துள்ளன. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 350 பேரிடம் நடந்த சோதனையில், ஜெஃபிட்டினிப்புடன் வேதிச்சிகிச்சையைச் சேர்த்தபோது நோய் முன்னேறாக் காலம் 8 மாதங்களிலிருந்து 16 மாதங்களாக உயர்ந்தது (2020). பின்னர் ஒசிமெர்ட்டினிப்புடன் வேதிச்சிகிச்சையைச் சேர்த்து ஆராய்ந்த ஃபிளோரா-2 என்னும் பன்னாட்டுச் சோதனையிலும், கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் உயிர்வாழ் காலம் 37.6 மாதங்களிலிருந்து 47.5 மாதங்களாக உயர்ந்தமை 2025இல் அறிவிக்கப்பட்டது. மும்பை ஆய்வு காட்டிய வழியும் இதுவே.

எம்முறையைப் பின்பற்றினும் முதலில் நோயாளியின் திசுவை மரபணுச் சோதனைக்கு உட்படுத்துதல் இன்றியமையாதது. அச்சோதனை செய்யப்படாவிடில் எந்த மாத்திரை பொருந்தும் என்பதை அறிய இயலாது.

இவற்றையும் பார்க்க

* நுரையீரல் புற்றுநோய்
* மருத்துவச் சோதனை
* ஒசிமெர்ட்டினிப்
* கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி
* அடையாறு புற்றுநோய் நிலையம்
* டாட்டா நினைவு மருத்துவமனை